மிதுன் வண்டிக்கு வேற மோட்டார்

ஒரு கட்டையைக்கூட எடுக்கக் கூடாது. மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும், அது மட்டும் கூடவே கூடாது என்று தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டு வெள்ளிங்கிரி எஞ்சினைத் தலைகீழாகப் புரட்டி, நாலாக மடித்த துண்டின் மேல் படுக்கவைத்தார். பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று கவ்வவைத்துப் பையன் மிதுன் கட்டின பொம்மை ரயில் எஞ்சின் அது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஆனால் இந்த மனுசன் அதைத் தொடுகிற தொடலைப் பார்த்தால் பிறந்து ஒரு வாரமான பிள்ளைக்குத் தலை துவட்டப் போகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பங்குனி வெயில், கோயமுத்தூர் கணபதியில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற வீடு. ஃபேன் போட்டால் சூட்டைத்தான் அள்ளி இறைக்கிறது, சின்னச் சின்ன ஸ்குரூவெல்லாம் உருள்கிறது என்று அதையும் நிறுத்திவிட்டார். வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. மோட்டாருக்குள் சொட்டிவிட்டால் தொலைந்தது என்று அவசரமாகத் தோளில் துடைத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் இது ஓடியாக வேண்டும். ஓடினால் சுகந்தாமணி சாப்பிடுவாள். ஓடாவிட்டால் சாப்பிட மாட்டாள். வேறு எதை யோசித்தாலும் புத்தி சுற்றிக்கொண்டு இங்கேதான் வந்து நிற்கிறது. அவள் உள் அறையில் படுத்திருக்கிறாள். தூங்கியிருக்க மாட்டாள். தூங்கினால் அவளுக்கு லேசாகக் குறட்டை வரும், அது வரவில்லை. பையன் அந்தக் குறட்டையைப் போனில் பிடித்து வைத்து அம்மாவிடமே போட்டுக்காட்டி அடிவாங்குவான். போன ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலோடு போய்விட்டான். எட்டு வயசு. இதைச் சொல்லாமல் எத்தனை நேரம்தான் எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது.

காரியமெல்லாம் முடிந்து சொந்தபந்தம் கிளம்பிப் போன பிறகுதான் அவள் சாப்பாட்டை விட்டாள். பட்டினி கிடக்கிறேன் என்று பிடிவாதம் ஒன்றும் இல்லை. தட்டு போடுவாள், சோறு போடுவாள், ரசம் ஊற்றிப் பிசைவாள், பிசைந்துகொண்டே இருப்பாள், அப்புறம் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டுக் கையைக் கழுவிவிடுவாள். ஏன் மணி என்றால் எறங்க மாட்டேங்குதுங்க என்பாள், ஏதோ குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுபோல. அவளுடைய அக்கா வந்து தங்கிப் பார்த்தாள், ஊட்டிவிட்டுப் பார்த்தாள், ஒரு நாள் கோபித்துக்கொண்டு, நீயும் போயிட்டா அந்த மனுசன் என்ன பண்ணுவாரு என்று கத்திக்கூடப் பார்த்தாள். அப்போது சுகந்தாமணி பார்த்த பார்வை இருக்கிறதே. அம்மாடி, அதை நினைக்க வேண்டாம். ஸ்குரூவை நினை. இந்த ஸ்குரூ தலை தேய்ந்திருக்கிறது, அழுத்தித் திருப்பினால் வரும், மெதுவாக. அப்புறம் ஒரு சாயங்காலம் ஹாலில் கிடந்த பையன் சாமான்களை ஒதுங்கவைக்கலாம் என்று குனிந்தபோது முழங்கால் ரிமோட் மேல் பட்டு வண்டி கிளம்பிவிட்டது. இவருக்கு உசுரே போய்விட்டது. மூலையில் கிடந்தது, தானாக எந்திரித்து, கர்ர்ர் என்று இரைந்துகொண்டு, அவன் போட்டுவைத்த தண்டவாளத்தில், அவன் விட்டுப்போன அதே இடத்திலிருந்து. நிறுத்தத் தோன்றாமல் அப்படியே முட்டிபோட்டு நின்றார். சமையலறையில் தட்டுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அவள் ஹாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். நிஜமாகவே சாப்பிடுகிறாள். கை தட்டுக்கும் வாய்க்கும் போகிறது. வண்டி சுற்றி முடிக்க முடிக்க இவர் மறுபடி மறுபடி ஓட்டினார். கண்ணில் தண்ணீர் ஊற்றுகிறது, துடைக்கப் பயம், கை ரிமோட்டை விட்டுவிடுமோ என்று.

அன்றையிலிருந்து தினம் சாயங்காலம் கம்பெனி விட்டு வந்தவுடன் செருப்பைக் கழற்றுகிறாரோ இல்லையோ, வண்டியை ஓட்டிவிடுவார். அவளும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது. பேசினால் உடைந்துவிடும் என்று ஒரு பயம். ஒன்றே ஒன்றுதான் அவருக்கு விளங்கவில்லை, அவள் திரும்பியே பார்க்க மாட்டாள். ஒரு நாள்கூட. பார்க்கத் தாங்கவில்லை போல, கண்ணால் பார்த்தால் பையன் ஞாபகம் வந்துவிடும், அதனால்தான் முதுகைக் காட்டிக்கொள்கிறாள் என்று அவரே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டார். பார்க்காவிட்டாலும் அவளுக்குத் தெரியும் அல்லவா, அவன் கட்டினது கட்டினபடியே அங்கே இருக்கிறது என்று. அந்தத் தெம்புதான் சோறாக இறங்குகிறது. இப்படியாகத்தானே அவர் புத்தி ஓடியது. அதனால்தான் ஒரு கட்டையையும் எடுக்கக் கூடாது என்று இத்தனை வைராக்கியம். அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால்தானா? பதினைந்து வருசம் குடும்பம் நடத்தினவருக்கு இதுகூடச் சொல்லாமல் தெரியாதா?

போன வாரம் மோட்டார் போய்விட்டது. போகும் என்று அவருக்கு முன்னாலேயே தெரியும். தினம் ஓடி ஓடிப் பல்சக்கரம் தேய்ந்து, வளைவில் திரும்பும்போதெல்லாம் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டிருந்தது, கார்பன் பிரஷ் கடைசி மூச்சில் இருந்தது. பாதிச் சுற்றில் நின்றது. சமையலறையில் கையும் நின்றது. பிறகு அவள் எழுந்து கையைக் கழுவும் சத்தம். அதோடு சரி. காப்பி குடிக்கிறாள், கேட்டால் மோர் குடிக்கிறாள். நேற்றுத் துணி காயப்போட மாடிக்குப் போனவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், கை பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார், கை சுண்டிப்போன கத்திரிக்காய்போல இருந்தது. மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே செப்புக் கம்பிச் சுருள் கருகிக் கிடக்கிறது. சரி, வேறு மோட்டார் வாங்கிப் போடலாம் என்றால் அந்தப் பொம்மைக் கம்பெனிக்காரன் இந்தச் சாதியையே நிறுத்திவிட்டு வேறு மாதிரிக்குப் போய்விட்டானாம். இப்போது வருகிற மோட்டாரில் வயர் முனையே வேறு, பழைய பேட்டரிப் பெட்டியோடு சேராது, ரிமோட்டுக்கும் கட்டுப்படாது, போன் வழியாகத்தான் ஓடுமாம். அதுகூடப் பரவாயில்லை. உருவம் பெரிது. அதை உள்ளே தள்ள வேண்டுமென்றால் மூன்று வரிசைக் கட்டையைக் கழற்ற வேண்டும். மூன்று வரிசை! சிவப்பு தீர்ந்துபோய் ஒரு இடத்தில் மஞ்சள் கட்டை வைத்திருக்கிறான். டிரைவர் பொம்மைக்கு எங்கிருந்தோ நீளக் கூந்தலைப் பிடுங்கி மாட்டியிருக்கிறான். யாருடா இது என்றால், அம்மாங்ப்பா, அம்மா எங்கியுமே போறதில்லைல்ல, அதான் டிரைவராக்கிட்டேன் என்றான். இதையெல்லாம் கழற்றிவிட்டுத் திருப்பி மாட்டினால் அது இவர் மாட்டினது ஆகிவிடும். அவன் விரல் அழுத்தின அழுத்தம் போய்விடும். கட்டைக்கு என்ன தெரியும், எந்த விரல் அழுத்தினாலும் கவ்வும் என்று ஒரு மனசு சொல்கிறது. வாயை மூடு என்று இன்னொரு மனசு சொல்கிறது. ஆகக் கடைசியில் வைத்தியம் அடிவயிற்றிலிருந்துதான். பழைய மோட்டார்ப் பெட்டியின் ஓடு மேலே இருக்கிற கட்டைகளைப் பிடித்திருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும், கீழ்மூடியை மட்டும் திறந்து, உள்ளே இருக்கிற குடலையெல்லாம் எடுத்துவிட்டு, அதே ஓட்டுக்குள் வேறு மோட்டாரைக் குடியேற்றிவிடலாம். நினைத்தபோது அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பெருமைப்படுகிற நேரமா இது என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

காலையில் காந்திபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரன் கண்ணாடிப் பலகை மேல் மோட்டார்களைக் கொட்டிக் காட்டினான். சார், கியரோட வர்றதே இருக்குது, அப்படியே உள்ள வெச்சு மாட்டிக்கலாம், பழைய பல்சக்கரத்தையும் மாத்த வேண்டியதில்லை என்று ஒன்றை எடுத்து ஓட்டியும் காட்டினான். கிர்ர் என்றது. வெள்ளிங்கிரி முகத்தைச் சுளித்தார். இது சத்தம் போடுதுங்களே என்றார். பொம்மைக்குத்தானுங்க சார் என்றான் அவன். பொம்மைக்குத்தானாம். இருபது வருசமாகப் பம்பு மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங்கில் நிற்கிற ஆளிடம் சொல்கிறான். ஸ்குரூடிரைவர் நுனியை மோட்டார் முதுகில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தார் என்றால், பேரிங் எந்தப் பக்கம் போயிருக்கிறது, தண்டு எவ்வளவு கோணியிருக்கிறது என்று பட்டென்று சொல்லிவிடுவார். அவர் காதுக்குச் சத்தம் என்றாலே கோளாறுதான். சத்தம் கேட்டால் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி, திருப்பி அனுப்பு. சத்தமே இல்லாமல் ஓடுகிற மோட்டாரைத் தட்டிக்கொடுத்து அனுப்புவார், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல. பழைய மோட்டார் பையன் ஓட்டுகிற காலத்திலேயே இரையும். டேய், இந்தப் பல்சக்கரத்துல மசையே இல்லடா, ஒரு நாளைக்கு அப்பா பிரிச்சு சரி பண்ணித் தர்றேன் என்பார். அவன் வேண்டாங்ப்பா, இப்படியே இருக்கட்டும், நெசமான ரயில் மாதிரி இருக்குது என்பான். நெசமான ரயில் இப்படியா சத்தம் போடும், போடா. ஆகவே கடைக்காரன் காட்டின கியர் மோட்டாரைத் தள்ளிவிட்டு, வழவழவென்று ஓடுகிற இன்னொன்றைப் பொறுக்கி, பல்சக்கரத்துக்குப் பதிலாகக் குட்டி ரப்பர் பெல்ட்டும் மோட்டார் தண்டில் மாட்ட ஒரு கப்பியும் வாங்கிக்கொண்டார். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும். அதுவும் இந்த வண்டிக்கு.

ஸ்குரூ ஒன்று உருண்டு சோபாவுக்கடியில் போய்விட்டது. கன்னம் தரையில் படப் படுத்துத் தேடினார். சிமெண்டுத் தரை ஜில்லென்று இருந்தது. இப்படித்தான் அவன் படுத்துக்கொள்வான், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வண்டி நேராக முகத்துக்கு வருகிற மாதிரி. பொரியை அள்ளிப் பெட்டியில் ஏற்றி, வாய்க்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, நாக்கால் எடுத்துத் தின்பான். சரக்கு எறங்கிருச்சு என்பான். மூக்கில் இப்போது ஈயம் உருகின வாசனையும் பினாயில் வாசனையும் கலந்து ஏறியது, பினாயில் வந்ததும் ஆஸ்பத்திரி வந்துவிட்டது, வராதே என்றால் கேட்கிறதா. வெள்ளைத் திரை. கையில் ஊசி குத்தின இடம் நீலமாக. தட்டணுக்கள் ஏறியிருக்கு, இறங்கியிருக்கு என்று காலையும் மாலையும் யாரோ சொல்வார்கள், ஏறினால் இவரும் ஏறுவார், இறங்கினால் இவரும் இறங்குவார். கட்டிலுக்குப் பக்கத்தில் மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளுகிற ஒரு சின்ன இயந்திரம். அதற்குள் ஒரு மோட்டார் இருக்கத்தான் செய்யும். காதைக் கிட்டே கொண்டுபோய்க்கூடப் பார்த்தார், சத்தமே இல்லை. நல்ல மோட்டார் என்று நினைத்தார். பெற்ற பிள்ளை அப்படிக் கிடக்கிறான், அந்த நேரத்திலும் இந்தப் பாழாய்ப்போன புத்தி மோட்டாரைத்தான் பார்த்தது. அவன் அப்பா என்றானே, அது அப்புறமா, முன்னாலேயா? வீட்டுக்குப் போலாங்ப்பா என்றானே. போலாம் கண்ணு, நாளைக்கு என்றோமே. நாளைக்கு என்று ஏன் சொன்னோம்? என்னைக்கு என்று சொல்லியிருக்க வேண்டும்? ஸ்குரூ கிடைத்துவிட்டது. சோபாக் காலுக்குப் பின்னால்தான் இருந்தது. எழுந்திரு, எழுந்திரு, நேரமாகிறது.

இனி அரம் போட வேண்டிய வேலை. பழைய பல்சக்கரம் இரண்டும் அச்சோடு இறுகிப்போயிருக்கின்றன, கழற்றினால் அச்சே உடைந்துவிடும், பல்லை மட்டும் அராவி எடுத்து மொழுக்காக்கிவிட்டால் அதன் மேலேயே பெல்ட் உட்கார்ந்துகொள்ளும். தினத்தந்தியை விரித்துப் போட்டு அராவ ஆரம்பித்தார். வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. அரம் போகிற சத்தத்தில் உள் அறைக் கட்டில் முனகியது, காலடி வந்தது. வாசற்படியில் சுகந்தாமணி நின்றாள். தலைமுடியை அள்ளிக்கூட முடியவில்லை. காலையில் போட்டுக்கொண்ட ஜாக்கெட் தோளில் நிற்காமல் சரிகிறது, தைத்தபோது பிடித்ததுபோல இருந்த ஜாக்கெட். கண் வண்டிப் பக்கம் போகவில்லை, இவர் முகத்தைத்தான் பார்த்தது. ஏனுங்க, ஆயிருமுங்களா என்றாள். ஆயிரும் மணி, இன்னிக்கு ஆயிரும் என்றார். இன்னிக்கேவுங்களா? இன்னிக்கேதான், பொழுதுக்குள்ள ஓட்டிர்றேன் பாரு. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அட சாமி, எத்தனை நாளாயிற்று அதைப் பார்த்து. அப்ப நான் சோறு வடிச்சுர்றேனுங்க என்றாள். ரசமும் வெச்சுர்றேன். அப்பளம் பொரிக்கட்டுங்களா? பொரி புள்ள, எல்லாம் பொரி என்றார், குரல் உடைந்து. அவள் போய் அரிசி களைகிற சத்தம் கேட்டது. பசிக்கிறது போல இருக்கிறது அவளுக்கு! பசி வந்துவிட்டது! அரத்தை இன்னும் வேகமாகப் போட்டார். ஒரு பல், இன்னொரு பல், கடைசிப் பல்லும் போயிற்று. விரலை வைத்துத் தடவிப் பார்த்தார், மொழுமொழுவென்று இருந்தது.

பெல்ட்டை மாட்டுவதற்குள் பிராணன் போய்விட்டது. பழைய ரிமோட்டுக்குக் கட்டுப்படுகிற சின்னப் பலகையைப் புது வயரோடு பற்றவைத்தார், ஒரு சொட்டு ஈயம் துண்டில் விழுந்து புகைந்தது, கட்டையில் படவில்லை, முருகா, படவில்லை. கீழ்மூடியைப் போட்டு, தேய்ந்த ஸ்குரூவை இறுக்கி, எஞ்சினை நிமிர்த்தி நிறுத்தினார். மஞ்சள் கட்டை இருக்கிறது. கூந்தல்காரி இருக்கிறாள். ஒன்றும் அசையவில்லை. பையன் வைத்தது வைத்தபடியே. சமையலறையில் ரசம் கொதித்து இறக்கின வாசனை, அப்பள வாசனை, தட்டு வைக்கிற சத்தம். போட்டு வெச்சுட்டேனுங்க என்று குரல் வந்தது. உட்காரு, இந்தா ஓட்டிட்டேன் என்றார். எஞ்சினைத் தண்டவாளத்தில் ஏற்றிப் பெட்டிகளைக் கோத்து, ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அமுக்கினார். கண்ணைத் திறந்தபோது வண்டி போய்க்கொண்டிருந்தது. ஒரு குலுக்கல் இல்லை, வளைவில் அந்த இழுப்பு இல்லை, எண்ணெயில் போகிறது போலப் போகிறது. சோபாக் காலைச் சுற்றி, டீவி மேசைக்குக் கீழே நுழைந்து, வெளியே வந்து, அவர் முழங்காலைத் தாண்டி மறுபடியும் போனது. ஓடுதுடா தம்பி, ஓடுதுடா என்று வாய் தானாக முணுமுணுத்தது. அழுதுகொண்டே சிரித்தார். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது, முதுகு வலித்தது, விரலில் ஈயம் சுட்ட கொப்புளம், எதுவும் தெரியவில்லை. பாருங்கள், இருபது வருசத்தில் இத்தனை நல்ல மோட்டார் வேலையை அவர் செய்ததே இல்லை.

திரும்பிச் சமையலறையைப் பார்த்தார். சுகந்தாமணி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டு. கை மடியில் கிடந்தது. இன்னும் ஆரம்பிக்கவில்லை போல, சூடு ஆறட்டும் என்று இருக்கிறாள், சுடுசோறு அல்லவா. வண்டி இன்னொரு சுற்று வந்தது. கை மடியிலேயே இருந்தது. அப்பளத்தையாவது எடுக்கலாமே. அப்பளம் நமுத்துவிடுமே. ஒருவேளை மயக்கம் கியக்கமா, போய்ப் பார்க்கலாமா, போனால் வண்டி நின்றுவிட்டால்? இன்னொரு சுற்று. அப்போது அவள் தலையைத் திருப்பாமல், கொஞ்சம் கூச்சத்தோடு, பந்தியில் இன்னும் இலை போடவில்லையா என்று கேட்பவள்போலக் கேட்டாள்.

"ஏனுங்க, இன்னும் ஓடலைங்களா?"

வெள்ளிங்கிரி ரிமோட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். வண்டி அவர் முழங்காலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது, அவள் ஓடலைங்களா என்கிறாள். காது கேட்கவில்லையா இவளுக்கு? கேட்கவில்லையா என்ற அந்த வார்த்தை மண்டைக்குள் விழுந்ததும் வண்டி போகிற பக்கம் காதைக் கொடுத்தார். கேட்பதற்கு என்ன இருக்கிறது? அவர்தான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாரே. கட்டை கட்டையாகக் காவல் காத்தார், ஒன்றைக்கூட அசையவிடவில்லை, அவள் அந்தக் கட்டைகளை ஒரு நாளும் பார்த்தவள் இல்லை. பார்க்காதவளுக்குப் பார்க்கிறதையெல்லாம் காப்பாற்றி வைத்துவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவளிடமிருந்து கேட்கிறதைப் பிடுங்கிவிட்டார். இன்னுங் கொஞ்ச நேரம் மணி என்றார், ஓடுகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே. பொய் நாக்கில் ஒட்டியது. கியர் மோட்டார் வாங்கி வந்து போட்டால்? எதில் போடுவது, பல்லே இல்லையே. தினத்தந்தி மேல் வெள்ளைத் தூளாகக் கிடக்கிறதே. எப்படி இருந்தது அந்தச் சத்தம்? கர்ர் என்றா, கொர்ர் என்றா? வளைவில் முதலில் இழுக்குமா, திரும்பி முடித்தபிறகா? ஆயிரம் மோட்டார் சத்தத்தை ஞாபகம் வைத்திருக்கிற காது, இது ஒன்றைக் கோளாறு என்று தள்ளிவிட்டதோடு சரி, கேட்டே வைக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மெதுவாக, கர்ர்ர்ர் என்று சொல்லிப் பார்த்தார். நாற்பத்தைந்து வயசு ஆள், முட்டிபோட்டு, வண்டி போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு, எச்சில் தெறிக்க, கர்ர்ர்ர். அது ஒன்றும் சரியாக வரவில்லை. இன்னொரு தடவை முயன்றபோது அழுகையாகப் போய்விட்டது.

அவள் எழுந்து வந்து வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி அவள் காலடிக்கு வந்து திரும்பிப் போனது.

"ஓடுதுங்களே" என்றாள்.

"ம்."

"எப்பத்துல இருந்துங்க?"

"கொஞ்ச நேரமா."

"சத்தத்தையே காணமே."

"புது மோட்டாரு மணி. பெல்ட்டு போட்டிருக்குது. சத்தம் வராது" என்றார். கம்பெனிக்கு வருகிற வியாபாரிகளிடம் சொல்கிற அதே வாசகம், அதே வரிசை. சொல்லி முடித்ததும் தலையில் அடித்துக்கொண்டார். அவள் குனிந்து பேப்பரில் கிடந்த தூளை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பழசை மறுக்கா போட முடியாதுங்களா என்று கேட்டாள். முடியாது மணி, அராவிட்டேன் என்றார். அவள் சண்டை போடுவாள் என்று காத்திருந்தார். போட்டால் நன்றாக இருக்கும். அவள் சோபாவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, வண்டி ஒரு சுற்று வருகிறவரை பார்த்தாள்.

"அது எரைஞ்சுட்டு இருக்கறப்ப, தம்பி ஹால்ல வெளையாடிட்டு இருக்கறான்னு நெனச்சுக்குவனுங்க. திரும்பிப் பாக்காத வரைக்கும் இருக்கறான். அதனால திரும்பவே மாட்டேன். அப்படியே ரெண்டு வாய் எறங்கிரும்."

"எனக்குத் தெரியாமப் போச்சே, புள்ள."

"நானுந்தான் சொல்லலையே. சொன்னா நீங்க பயந்துக்குவீங்கன்னு இருந்துட்டேன்" என்றாள். அவர் கையிலிருந்த ரிமோட்டை எடுத்து, எதை அமுக்குவது என்று தெரியாமல் புரட்டிப் பார்த்துவிட்டு அவரிடமே கொடுத்தாள். நிறுத்திருங்க என்றாள். அமுக்கினார். வண்டி நின்றது. முன்னாலும் பின்னாலும் வீட்டில் ஒரே அமைதிதான், நின்றதற்கும் ஓடினதற்கும் காதுக்கு வித்தியாசமே இல்லை.

"எந்திரிங்க. மத்தியானமும் நீங்க சாப்பிடல. சோறு ஆறிப்போச்சு" என்று அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். அந்தக் கையில் பலமே இல்லை, அவராகத்தான் எழுந்தார். சமையலறையில் அவருக்கு ஒரு தட்டு வைத்தாள். தன் தட்டை எடுத்து எதிர்ப்பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், ஹாலைப் பார்த்தபடி. தண்டவாளம், சோபாக் கால், நின்ற வண்டி, விரித்த பேப்பர், ஆள் இல்லாத தரை, எல்லாம் அவளுக்கு நேராகத் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு ரசம் சோற்றைப் பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள். மென்றாள், விழுங்கினாள். இன்னொரு வாய். வெள்ளிங்கிரி தன் தட்டைத் தொடாமல் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு இறங்குகிறது. அவள் சாப்பிட வேண்டும் என்றுதானே காலையிலிருந்து இத்தனை பாடு, சாப்பிடுகிறாள், இதோ, கண்ணெதிரே, அவன் இல்லாத ஹாலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாள். ஐயோ, வேண்டாமே, திரும்பி உட்காரு மணி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரு என்று கத்த வேண்டும்போல இருந்தது. தட்டில் கையை வைத்தபடி அவர் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். சுகந்தாமணி கரண்டியை எடுத்து அவர் தட்டில் ரசத்தை ஊற்றினாள்.

"சாப்பிடுங்க" என்றாள். "இனி நாம ரெண்டு பேருதானுங்க."